காளையின் குறையும் பசுவின் பழியும்

மாட்டுப் பண்ணைக்குச் செல்பவரின் கண்களை முதலில் கவர்வது பொலிகாளையே. உயர்ந்த திமில், அசைந்து தொங்கும் அலைதாடி, திரண்ட தோள், தரை அதிரும் நடை ஆகிய இவற்றைக் கண்டவர் சற்று ஒதுங்கி நின்றே பார்ப்பர். இத்தகைய காளைக்குக் குறை ஏதும் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் பண்ணை அதனை வைத்துத் தீனி போடுவது ஒரே ஒரு பயனைக் கருதித்தான். அது பசுக்களைச் சினைப்படுத்த வேண்டும். அந்த ஒரு பயனைப் பற்றி அதன் திமிலும் தோளும் நமக்கு ஒன்றுமே சொல்வதில்லை. தெரிந்தெடுக்காத காளைக் கூட்டம் ஒன்றைப் பரிசோதித்தால், ஐந்தில் ஒன்றேனும் இவ்வகையில் குறைபாடு உடையதாக இருக்கும் என்பது மேனாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பன்முறை கண்டறிந்த உண்மை.

முழு மலடான காளையால் விளையும் தீங்கு அவ்வளவு பெரிதன்று என்றால் வியப்பாக இருக்கலாம். அதனிடம் விட்ட பசுக்களில் ஒன்றுகூடச் சினைப்படாதபோது எவருக்கும் ஐயம் எழுந்துவிடும்; காளையை மாற்றிவிடுவர். உண்மையில் அஞ்ச வேண்டுவது அரைகுறைத் திறனுடைய காளையை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பண்ணையில் 30 பசுக்கள் இருக்கின்றன என்று கொள்வோம். பசு 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருவது. நல்ல காளை ஒவ்வொரு முறையும் தன்னிடம் வரும் பசுக்களில் நூற்றுக்கு 60-ஐச் சினைப்படுத்துமாயின், முதற் சுற்றில் 18 பசுக்கள் சினையாகும், எஞ்சியவை 12. இரண்டாம் சுற்றுக்குப் பின் எஞ்சுபவை ஐந்து. மூன்றாம் சுற்றுக்குப் பின் இரண்டு. குறைத் திறனுடைய காளை நூற்றுக்கு 20-ஐ மட்டுமே சினைப்படுத்துவதாகக் கொண்டால், மூன்று சுற்றுகள் கழிந்த பின்னும் 15 பசுக்கள் வெறுமையாக நிற்கும். ஒன்பது வாரங்களின் தீனி வீண், கன்று இல்லை, கன்று இல்லையேல் பாலும் இல்லை.

இவ்விடத்தில்தான் விந்தை நிகழ்கிறது. பண்ணைக்காரர் தம் மந்தையை நோக்குகிறார். 15 பசுக்கள் சினையாகி நிற்கின்றன. ஆகவே காளை நல்ல காளை என்று முடிவு செய்கிறார். மற்ற 15 பசுக்கள் சினைப்படவில்லை. ஆகவே அவை மலட்டுப் பசுக்கள்! அதே காளை, அதே கொட்டில், அதே தீனி. பழி மட்டும் பசுவின் தலையில் விழுகிறது. அடுத்த சந்தையில் அப்பசு அடிமாட்டு விலைக்குப் போகிறது. காளையோ அடுத்த ஆண்டும் அதே பணியில் அமர்ந்திருக்கிறது.

நம் மொழியின் வழக்கையே இதற்குச் சான்றாகக் காட்டலாம். ‘மலடி’ என்ற சொல் நாவில் எவ்வளவு எளிதாக வருகிறது! ‘மலடன்’ என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது. அதனை வழக்கில் கேட்டவர் எத்தனை பேர்? மாட்டு விஷயத்திலும் ‘மலட்டு மாடு’ என்றால் பெண் மாட்டையே கொள்கிறோம். மனிதர் தம் வீட்டில் கைக்கொண்ட அநீதியையே தொழுவத்திலும் கைக்கொண்டனர் போலும். இவ்வுரையை எழுதுபவன் கால்நடை மருத்துவன் அல்லன். கலை பயின்று, மைய அரசின் பணியில் மொழிபெயர்ப்பு அலுவல் பார்ப்பவன். பண்ணை நெறிமுறைகளைத் தமிழாக்க நேர்ந்தபோது, காளையின் இத்தகுதியைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. பசுவின் குறையைச் சொல்லப் பல சொற்கள் உடனே வந்து நின்றன. காளைக்கு ஒன்றும் வரவில்லை. ‘இனவிருத்தித் தகுதி’ என்று ஒருவாறு அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இத்தகுதியை ஆராய்வது இன்று முன்னினும் இன்றியமையாததாகிவிட்டது. முற்காலத்தில் ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்தது. அதன் குறை அவ்வூரோடு நின்றது. 1939-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பவர் இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறைக் கருவூட்டலைச் செய்து காட்டினார். 1942-இல் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்தில் அதனை முறையாக ஆராயத் தொடங்கினர். முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தின்போது, குறித்த சில கிராமங்களைத் தேர்ந்து, அங்குள்ள தரமற்ற காளைகளுக்குக் காயடித்து, தேர்ந்த காளைகளையும் கருவூட்டலையும் அளிக்கும் ஏற்பாடு நாடெங்கும் பரவியது. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், கிளிசரின் கலந்தால் விந்தணுக்களை உறையவைத்தும் உயிரோடு காக்கலாம் என்று கண்டனர். குப்பியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாறிப்போனதால் கிட்டிய கண்டுபிடிப்பு அது என்பர். சேவலின் விந்தில் கண்டதைப் பின்னர்க் காளையின் விந்துக்கும் பொருத்தினர்.

அதன் விளைவை எண்ணிக்கையால் உணரலாம். காளை ஒரு முறை தரும் விந்து பெரும்பாலும் 4 முதல் 8 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 100 கோடி விந்தணுக்கள் இருக்கும். நம் நாட்டு நெறிமுறைப்படி ஒரு பசுவுக்குரிய உறைவிந்துக் குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருந்தால் போதும். எனவே ஒரு வேளை எடுத்த 5 மில்லிலிட்டர் விந்திலிருந்து சுமார் 250 குச்சிகள் தயாராகும். இவை திரவ நைட்ரஜனில், பனிக்கட்டி உறையும் நிலைக்குக் கீழே 196 பாகையில், ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பெங்களூரை அடுத்த ஹெஸ்ஸர்கட்டா, சென்னையை அடுத்த அலமாதி, குஜராத்தில் பிடாஜ், உத்தரப் பிரதேசத்தில் சலோன் ஆகிய இடங்களில் உள்ள நிலையங்கள் இத்தொழிலைச் செய்பவை. இந்நேயர்களில் பலர் அவ்வூர்களின் வழியே இரயிலிலோ பேருந்திலோ சென்றிருக்கவும் கூடும். அங்கே நிற்கும் ஒரு காளையின் வித்து நூற்றுக்கணக்கான ஊர்களைச் சென்றடைகிறது. அதன் நலம் பரவுவது போலவே அதன் குறையும் பரவும் அன்றோ?

இனி, பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். மருத்துவர் முதலில் நுண்ணோக்கியை நாடுவதில்லை; காளையை நடக்கச் சொல்லிப் பார்க்கிறார். பின்னங்கால் மூட்டில் வலியுள்ள காளை பசுவின் மேல் ஏற இயலாது. ஏறினாலும் பாதியில் இறங்கிவிடும். குளம்பு அளவுமீறி வளர்ந்திருக்கிறதா, கண்ணில் பூ விழுந்திருக்கிறதா, பற்கள் தேய்ந்து தீனி தின்ன முடியாமல் இருக்கிறதா என்றும் நோக்குவார். மேய்ச்சல் நிலத்தில் பசுக்களோடு திரிய வேண்டிய காளைக்கு இவை சிறு குறைகள் அல்ல. பார்வை மங்கிய காளை பருவத்துக்கு வந்த பசுவைக் கண்டுகொள்ளத் தவறும்.

அடுத்து வருவது விரைப்பையின் சுற்றளவு. தையற்காரர் கையில் உள்ளது போன்ற ஒரு நாடாவே இதற்குரிய கருவி. விரைகளை மெல்லக் கீழே இறக்கிப் பிடித்து, அகன்ற இடத்தில் நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள். இவ்வளவு எளிய அளவையால் என்ன தெரியும் என்று ஐயுறலாம். விந்தணுக்களை உண்டாக்கும் திசு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே உற்பத்தியும் இருக்கும். அத்திசுவின் அளவைச் சுற்றளவு ஏறத்தாழச் சரியாகக் காட்டிவிடுகிறது. மேலும் பெரிய விரையுடைய காளையின் பெண் கன்றுகள் விரைவில் பருவமடைகின்றன என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. அமெரிக்க நாட்டுக் கால்நடை இனப்பெருக்க மருத்துவர் சங்கம் 15 மாதக் காளைக்கு 30 சென்டிமீட்டரும், இரண்டு வயதைக் கடந்த காளைக்கு 34 சென்டிமீட்டரும் குறைந்த அளவாக வகுத்திருக்கிறது. ஆனால் அவை திமில் இல்லாத ஐரோப்பிய இனங்களை மனத்திற் கொண்டு வகுத்தவை. நம் நாட்டுத் திமில் மாடுகள் காலந்தாழ்ந்து பருவமடைபவை. அவ்வளவுகோலை இங்கே அப்படியே சாத்தினால், நல்ல காளைகளையும் கழித்துக் கட்டிவிடுவோம். பிறநாட்டு அளவுகளைக் கடன் வாங்கும்போது இந்த எச்சரிக்கை வேண்டும்.

விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்கு இயற்கை ஒரு காரணம் வைத்திருக்கிறது. விந்தணு உருவாவதற்கு உடற்சூட்டைவிட நான்கைந்து பாகை குறைந்த வெப்பம் வேண்டும். உடலிலிருந்து சூடான குருதியைக் கொணரும் நாளத்தைச் சுற்றி, விரையிலிருந்து குளிர்ந்த குருதியை மேலே கொண்டு செல்லும் சிரைகள் கொடிபோல் பின்னிக் கிடக்கின்றன. சூடான குருதி இறங்கும்போதே ஆறிவிடுகிறது. வெயில் காலத்தில் விரைப்பை தளர்ந்து இறங்குவதும், குளிரில் சுருங்கி ஏறுவதும் இதே நோக்கத்துக்காக. காங்கேயம், சாகிவால், கிர் முதலிய நம் இனங்கள் வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. அயல்நாட்டு இனங்களும், பெரும்பாலான கலப்பினங்களும் கோடையில் தடுமாறுகின்றன. கலப்பினக் காளைகளில் கணிசமானவை விந்தின் தரக் குறைவால் கழிக்கப்படுகின்றன என்பது நம் பண்ணைகள் நெடுங்காலமாக அறிந்த துன்பம்.

வெப்பத்தைப் பற்றிக் கூறும்போது காலக் கணக்கு ஒன்றையும் கூறியாக வேண்டும். பண்ணைக்காரர் பலர் ஏமாறுவது இதில்தான். ஒரு விந்தணு முளைத்து முழு உருப்பெற ஏறத்தாழ 60 நாட்கள் ஆகின்றன. பின்னர் விரையை ஒட்டிய சுருள் குழாயில் ஒன்றரை வாரம் தங்கி முதிர்கிறது. இன்று வெளிவரும் விந்து, பத்து வாரங்களுக்கு முன் தொடங்கிய வேலையின் பயன். சித்திரையில் கோமாரி கண்டு காளை காய்ச்சலில் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரங்களில் அது தேறி, தீனி தின்று, பழையபடி மிடுக்காக நடக்கிறது. வைகாசியிலும் ஆனியிலும் அதன் விந்து கெட்டிருக்கும். காய்ச்சலை எல்லாரும் மறந்துவிட்ட வேளையில் பசுக்கள் சினை பிடிக்காமல் திரும்பி வரும். அப்போது காரணம் தேடுபவர் நேற்றைய தீனியையும் இன்றைய தண்ணீரையும் ஆராய்வாரேயன்றிச் சித்திரைக் காய்ச்சலை நினையார். எனவேதான் பண்ணையில் ஒவ்வொரு காளைக்கும் தனி ஏடு வைத்து, காய்ச்சல், தடுப்பூசி, இடமாற்றம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுகின்றனர். அந்த ஏட்டைப் புரட்டத் தெரிந்த மருத்துவருக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

விந்தைச் சேகரிப்பதற்குச் செயற்கைக் கருவழி என்ற சாதனம் இருக்கிறது. உறுதியான ரப்பர்க் குழாய். அதனுள் மெல்லிய உறை. இரண்டுக்கும் இடையே சுமார் 42 முதல் 45 பாகை வரை சூடான நீர். மற்றொரு மாட்டைக் கட்டி நிறுத்திக் காளையை அதன்மேல் ஏறவிட்டு, தக்க கணத்தில் பணியாளர் இச்சாதனத்தை நீட்டுகிறார். ஒரு டன் எடையுள்ள விலங்கின் அருகில் நின்று, நொடிப்பொழுதில் செய்ய வேண்டிய வேலை. வெப்பம் சற்றுக் குறைந்தாலும் காளை விந்தைத் தராமல் இறங்கிவிடும். மிகுந்தால் அடுத்த முறை அருகில் வரவே மறுக்கும். இப்பணியாளரின் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. ஆயினும் காளையின் குணத்தை அறிந்தவர் அவரே.

சேகரித்த விந்தில் ஒரு துளியைச் சற்றே வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் நோக்குகிறார்கள். 1677-இல் ஹாலந்து நாட்டு டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகராகிய லேவன்ஹுக் தாமே செய்த ஆடிகளைக் கொண்டு விந்தணுக்களை முதன்முதலில் ஆராய்ந்தபோது அவர் அடைந்த வியப்பை இன்றும் எவரும் அடையலாம். நல்ல விந்தில் அணுக்கள் திரள் திரளாக, புயலுக்கு முன் கரும்மேகம் சுழல்வது போலச் சுழல்கின்றன. பின்னர் அதனை நீர்த்த நிலையில் நோக்கி, தனித்தனி அணு நேராக முன்னேறுகிறதா, வட்டமிடுகிறதா, நின்ற இடத்திலேயே துடிக்கிறதா என்று கணிக்கிறார்கள். நேரே முன்னேறுபவற்றையே கணக்கில் சேர்ப்பர். ஓடுவது போல் தோன்றி ஒரே இடத்தைச் சுற்றும் அணுவால் பசுவுக்குப் பயன் இல்லை.

வடிவ ஆய்வு இதைவிட முக்கியமானது. ஈயோசின், நைக்ரோசின் என்ற இரு சாயங்களைக் கலந்து தடவினால், கரிய பின்னணியில் உயிருள்ள அணுக்கள் வெண்மையாக நிற்கும். இறந்தவை சாயத்தை ஏற்றுச் சிவக்கும். உயிருள்ளது அந்நியத்தை உள்ளே விடாது. உயிரற்றதோ எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும். அப்போது தலை பேரிக்காய் போல் குறுகியவை, வால் சுருண்டவை, தலை வேறு வால் வேறாகப் பிரிந்தவை எல்லாம் வெளிப்படும். சிலவற்றின் கழுத்தில் சிறு துளி ஒன்று ஒட்டியிருக்கும். அது இளங்காளையின் முதிராமையையோ, முதிர்ந்த காளையிடமிருந்து அளவுமீறி விந்து எடுத்ததையோ காட்டும். அமெரிக்க அளவுகோலில் மேய்ச்சல் நிலத்துக் காளைக்கு 30 விழுக்காடு முன்னேறும் இயக்கம் போதும். ஆனால் 70 விழுக்காடு அணுக்கள் வடிவம் சிதையாதிருக்க வேண்டும். வேகத்தைவிட உருவத்துக்கு அதிக மதிப்பளித்திருப்பதைக் காண்க. இயக்கம் வெளிச்சூழ்நிலையால் எளிதில் மாறுவது. வடிவம் காளையின் விரையிலிருந்து வந்த சாட்சி.

அவ்வெளிச்சூழ்நிலையைப் பற்றி ஒரு சொல். மார்கழிக் காலையில் கர்னாலிலோ இசத்நகரிலோ குளிர்ந்த கண்ணாடித் தகட்டில் துளியை இட்டால், உயிரோடு வந்த அணுக்கள் உடனே செயலிழந்துவிடும். குழாயில் ஒரு துளி நீர் தங்கியிருந்தாலும் வால்கள் சுருண்டுவிடும். குற்றம் தகட்டினுடையது, தண்டனை காளைக்கு! ஆகவே நல்ல மருத்துவர் ஒரு பரிசோதனையைக் கொண்டு எந்தக் காளையையும் கழிப்பதில்லை. முதலில் கருவிகளை ஐயுறுகிறார். அடுத்து மறுமுறை எடுத்துப் பார்க்கிறார். பின்னும் குறை தெரிந்தால், 60 நாட்கள் காத்திருந்து, புதிதாக உருவான அணுக்களை நோக்குகிறார். இளங்காளையாயின் இன்னும் பொறுமை வேண்டும். இவ்வாறு காத்திருக்கும் நாட்களில் காளைக்கு ‘ஒத்திவைப்பு’ என்ற நிலை தரப்படுகிறது. தேர்வு, கழிவு என்ற இரண்டுக்கும் நடுவே இப்படி ஓர் இடம் இருப்பது நியாயமான ஏற்பாடே.

விந்து நன்றாக இருந்தால் மட்டும் காளை தேறிவிடாது. சில காளைகளுக்கு விழைவு இல்லை. பருவத்துப் பசு அருகில் நின்றாலும் வைக்கோலிலேயே கருத்தாக இருக்கும். இதற்கு மாறாக, விழைவு மிகுந்து ஒரு நாளில் பலமுறை ஏறும் காளையின் விந்தில் அணுவே இல்லாமலும் இருக்கும். விழைவும் வளமும் இரண்டும் வேறு. கிராமத்தார் ஒரு காளையின் வேகத்தைப் பார்த்துப் புகழ்வதெல்லாம் முதலாவதைப் பற்றியது. கன்று பிறப்பதோ இரண்டாவதால்.

நோய்களை ஆராய்வது தனியொரு துறை. அதனை விரிவாகக் கூற இடமில்லையாயினும், ஒன்றைக் கூறாமல் விட முடியாது. டிரைக்கோமோனாஸ், கேம்பைலோபாக்டர் என்ற இரு கிருமிகள் காளையின் உறுப்புத் தோலின் மடிப்புகளில் தங்கி வாழ்பவை. அவற்றால் காளைக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சோர்வும் இல்லை. பசுவிடம் சென்றவுடன் அவை கருப்பையைத் தாக்குகின்றன. கரு சில வாரங்களிலேயே அழிந்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. பசு ஒரு சுற்றுத் தவறி, பின்னர் மீண்டும் பருவத்துக்கு வருகிறது. அதற்கும் ‘இம்மாட்டுக்குச் சினை தங்குவதில்லை’ என்று பசுவையே பழிப்பர்! கொணர்ந்தவனிடம் அடையாளமே இல்லை. கன்றுவீச்சு நோயாகிய புருசெல்லோசிஸ், காசநோய் முதலியவற்றுக்கும் பரிசோதனை உண்டு. புருசெல்லோசிஸ் மாட்டைப் பராமரிக்கும் மனிதரையும் தொற்றுவது. புதிய காளை வந்தவுடன் மந்தையில் சேர்க்காமல், குறைந்தது 60 நாட்கள் தனித்து வைத்து ஆராய வேண்டும் என்பது நம் உறைவிந்து நிலையங்களுக்கு உள்ள விதி.

அந்நிலையங்களின் அளவுகோல் மேய்ச்சல் நிலத்தைவிடக் கடுமையானது. புதிய விந்தில் 70 விழுக்காடேனும் முன்னேறும் இயக்கம் இருந்தால்தான் அதனை உறையவைப்பர். உறைந்ததை மீண்டும் இளக்கிப் பார்க்கும்போது பாதியேனும் உயிரோடு இயங்க வேண்டும். இல்லையேல் அன்றைய குச்சிகள் அனைத்தையும் அழித்துவிடுகின்றனர். சில காளைகளின் விந்து புதிதாக இருக்கையில் மிகச் சிறப்பாயிருந்து, உறையவைத்தால் மடிந்துபோகிறது. அக்காளை நேரடிச் சேர்க்கைக்கு உதவும்; குச்சிக்கு உதவாது. இந்நிலையங்களையும் மேற்பார்வையிட 2004-ஆம் ஆண்டில் மைய அரசு ஒரு கண்காணிப்புக் குழுவை அமைத்தது. நிலையங்களைக் காலமுறைப்படி நேரில் ஆராய்ந்து தரம் வகுப்பது அக்குழுவின் வேலை.

இத்தனை சோதனைகளைக் கடந்த காளையின் குச்சிக்கும் எல்லாப் பசுக்களும் சினைப்பட்டுவிடுவதில்லை. நம் கிராமங்களில் ஒரு முறை சினை ஊசி போட்டால் மூன்றில் ஒரு பசு சினைப்படுவதே பொதுவான நிலை. இதற்கெல்லாம் காளையைக் குறை கூறினால் அதுவும் அநீதியே. குப்பியில் திரவ நைட்ரஜன் வற்றியிருக்கலாம். குச்சியை 37 பாகை வெந்நீரில் அரை நிமிடம் இளக்காமல், அக்குளில் வைத்தோ வெயிலில் காட்டியோ இளக்கியிருக்கலாம். காலையில் பருவத்துக்கு வந்த பசுவுக்கு மாலையிலும், மாலையில் வந்ததற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுவது முறை. ஆள் கிடைக்காமல் அது தப்பியிருக்கலாம். பசுவிடமே தாதுச் சத்துக் குறைவோ கருப்பையில் புண்ணோ இருக்கலாம். எருமையோ கோடையில் பருவத்துக்கு வந்ததைக் கத்தித் தெரிவிப்பதே அரிது. நான் சொல்ல வருவது பசு எப்போதும் குற்றமற்றது என்பதன்று. நான்கு பேரை விசாரிக்க வேண்டிய வழக்கில், ஒருவரை மட்டும் விசாரித்துத் தீர்ப்பளிக்கிறோம் என்பதே.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலருக்கு ஊரில் இன்னும் தொழுவம் இருக்கிறது. இங்கே ஈட்டியதில் மிச்சம் பிடித்து அனுப்பி, தாயாரோ தம்பியோ அங்கே ஒரு கறவை வாங்கியிருப்பர். ஒரு நாள் தொலைபேசியில் செய்தி வரும்: “அண்ணா, மாடு மூணு தடவையும் சினை பிடிக்கல. மலடு போல இருக்கு. வித்துடலாமா?” அவ்வேளையில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. மாட்டை ஊர்க் காளையிடம் விட்டார்களா, ஊசி போட்டார்களா? ஊர்க் காளையாயின், இவ்வாண்டு அதனிடம் விட்ட மற்ற மாடுகள் எத்தனை சினைப்பட்டன? கோடையில் அக்காளைக்குக் காய்ச்சல் ஏதேனும் கண்டதா? தெருவில் நான்கு வீட்டாரைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும். பத்து மாடுகளில் ஏழு திரும்பியிருந்தால், விற்க வேண்டியது நம் மாட்டை அன்று.

ஊசி போட்ட மாடாயின் அக்கம்பக்கத்துக் கணக்கு உதவாது. நான்கைந்து மாடுகளைக் கொண்டு ஒரு குச்சியின் தரத்தை அளக்க முடியாது. அது கால்நடை மருந்தகப் பதிவேட்டில் நூற்றுக்கணக்கான மாடுகளை வைத்துக் காண வேண்டியது. அதற்கும் நாம் உதவலாம். ஒவ்வொரு குச்சியின் மேலும் காளையின் எண், இனம், நிலையத்தின் குறியீடு, சேகரித்த நாள் ஆகியவை சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஊசி போட்டதும் வெறுங்குச்சியை எறிந்துவிடாமல் வாங்கி, அந்த எண்ணையும் அன்றைய தேதியையும் தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைக்கும்படி தம்பியிடம் சொல்லலாம். மாடு திரும்பினால் அந்த எண் மருத்துவரின் ஏட்டுக்குப் போகும். அங்கிருந்து அக்காளை நிற்கும் நிலையத்துக்கும் போய்ச் சேரும்.